நெறிகட்டு எல்லாம் டிபி அல்ல

(எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் வளரிளம் பிள்ளைகளுக்கு வரும் நிணநீர்ப் புற்று பற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதைப் போய்ப் பொதுக்கூட்டத்தில் பேச வேண்டுமா? டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டுமே" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நோயை முதலில் பார்க்கிறவர் டாக்டர் இல்லையே. தலைக்கு எண்ணெய் வைக்கிற பாட்டி, சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிற அத்தை, விடுதிக் காப்பாளர் - இவர்கள் கையில்தான் அந்தக் கட்டி முதலில் தட்டுப்படுகிறது. மருத்துவர்களான எங்களிடம் வருவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது.

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று பல இடங்களில் நமக்கு நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. தொண்டையில் புண் வந்தாலோ, பல் சொத்தையானாலோ அவை வீங்கும், நெறிகட்டியிருக்கிறது என்போம். அந்த முடிச்சுகளில் வளரும் வெள்ளணுக்களே கட்டுமீறிப் பெருகினால் அது லிம்போமா, நிணநீர்ப் புற்று. ஹாட்ஜ்கின் வகை என்றும், ஹாட்ஜ்கின் அல்லாத வகை என்றும் இதில் இரண்டு பெரும் பிரிவுகள். அதற்குக் கீழே உள்ள உட்பிரிவுகளுக்குள் போனால் இந்த மாலை போதாது. ஒன்றே ஒன்றின் கதையை மட்டும் சொல்கிறேன். பர்கிட் லிம்போமா. எச்.ஐ.வி. என்ற பெயரே உலகத்துக்குத் தெரியாத காலத்தில் தொடங்கும் கதை அது.

1957. உகாண்டாவின் கம்பாலா நகரில் முலாகோ மருத்துவமனை. டெனிஸ் பர்கிட் என்ற ஐரிஷ்காரர் அங்கே அறுவை மருத்துவர். பதினோரு வயதில் ஒரு விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். மிச்சமிருந்த கண்ணால் அவர் பார்த்ததைப் பலர் இரண்டு கண்ணாலும் பார்த்ததில்லை. குழந்தைகள் வார்டைக் கவனித்துவந்த ஹியூ ட்ரோவெல் ஒருநாள் அவரை அழைத்து ஒரு சிறுவனைக் காட்டினார். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டும் இருபுறமும் வீங்கியிருந்தன. சீழ்க்கட்டி என்றால் ஒரு பக்கம் வீங்கும். நான்கு இடங்களிலும் எப்படி வரும்? புரியவில்லை. சில வாரம் கழித்து ஜிஞ்சா என்ற ஊர் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார் பர்கிட். அதே வீங்கிய முகத்தோடு இன்னொரு குழந்தை உட்கார்ந்திருந்தது. ஒன்றைப் பார்த்தால் அபூர்வம் என்று விட்டுவிடலாம். இரண்டாவதைப் பார்த்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டி, 1958-இல் கட்டுரை எழுதினார்.

அதோடு நிறுத்தவும் இல்லை. 1961-இல் இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, பழைய ஃபோர்டு வண்டி ஒன்றில், கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கா நெடுகப் பத்தாயிரம் மைல் போய்வந்தார். ஒவ்வொரு மருத்துவமனையிலும் புகைப்படத்தைக் காட்டி, இப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததுண்டா என்று கேட்டார். பதில்களை வரைபடத்தில் குறித்தபோது ஒரு வடிவம் தெரிந்தது. வெப்பமும் மழையும் உள்ள தாழ்நிலங்களில் இந்தக் கட்டி உண்டு. குளிரான மேட்டு நிலங்களில் கிடையாது. மலேரியா பரவும் நிலப்பரப்பும் கிட்டத்தட்ட அதுவேதான்.

அதே 1961-இல் லண்டனில் அவர் பேசியதைக் கேட்டவர்களில் ஒருவர் ஆந்தனி எப்ஸ்டீன். இந்தக் கட்டிக்குள் ஒரு வைரஸ் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. கம்பாலாவிலிருந்து கட்டித் துண்டுகள் விமானத்தில் வந்துகொண்டே இருந்தன. இரண்டு ஆண்டுக்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. 1963 டிசம்பரில் லண்டனில் பனிமூட்டம். விமானத்தை மான்செஸ்டருக்குத் திருப்பிவிட்டார்கள். தாமதமாக வந்துசேர்ந்த குப்பியில் திரவம் கலங்கிக் கிடந்தது. கிருமி புகுந்து கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்கலாம். எப்ஸ்டீன் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். பயணக் குலுக்கலில் கட்டியிலிருந்து உதிர்ந்த புற்றணுக்கள், உயிரோடு, தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தன. அவற்றை வளர்த்து, 1964-இல் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது வைரஸ் தெரிந்தது. எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சோங் மூவரும் சேர்ந்து எழுதினார்கள். இன்று எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக ஈபிவி, என்கிறோம். மனிதப் புற்றோடு தொடர்புள்ளதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அது.

இதற்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன சம்பந்தம்? 1982-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் நால்வருக்கு பர்கிட் மாதிரியான லிம்போமா வந்தது. அமெரிக்க நகரத்தில், வளர்ந்த ஆண்களுக்கு, அடுத்தடுத்து நான்கு பேருக்கு வரக்கூடிய நோயே அல்ல அது. அதை இனங்கண்டு எழுதியவர் ஜான் ஜீக்லர். 1967-இல் தொடங்கிய உகாண்டா புற்றுநோய் நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்து, கம்பாலாவில் இதே கட்டிக்கு வைத்தியம் பார்த்தவர். எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது மறு ஆண்டு, 1983-இல்தான். வைரஸுக்கு முன்பே அதன் நிழலில் வளரும் புற்று கண்ணில் பட்டுவிட்டது. மருத்துவக் கல்லூரிகளில் இதைப் பாடமாகச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது ஒரு புதிர். எச்.ஐ.வி. நுழைவது வெள்ளணுக்களில் சிடி4 என்ற டி அணுக்களுக்குள். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் லிம்போமாக்களில் ஏறக்குறைய எல்லாமே பி அணுக்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்களில் வருபவை. பி அணுக்களை எச்.ஐ.வி. தொற்றுவதில்லை. தான் நுழையாத அணுவில் அது எப்படிப் புற்றை உண்டாக்குகிறது?

இரண்டு வழியாக. பி அணுக்களின் வேலை எதிர்ப்புப் புரதம் செய்வது. புதுக் கிருமி வரும்போதெல்லாம் அவை தங்கள் மரபுப் பொருளின் ஒரு பகுதியைத் தாமே வெட்டித் திருத்திக்கொள்கின்றன. இப்படித் தன் டிஎன்ஏவைத் தானே வெட்டிக்கொள்கிற அணு நம் உடம்பில் வேறு அதிகம் கிடையாது. எப்போதாவது வெட்டினால் ஆபத்தில்லை. ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்துகொண்டே இருந்தால் ஓய்வில்லாமல் வெட்டிக்கொண்டே இருக்கும். ஒருநாள் வெட்டுத் தவறும். எட்டாம் குரோமோசோமின் துண்டு பதினான்காம் குரோமோசோமோடு போய் ஒட்டும். மிக் என்ற ஜீன், அணுவைப் பெருகச் சொல்லும் ஜீன், அணையாமல் எரியத் தொடங்கும். அதுதான் பர்கிட். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் மலேரியா செய்ததும் இதே வேலைதான். பி அணுவை ஓயவிடாமல் தூண்டியது.

இரண்டாவது வழி ஈபிவி. உலகில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறோம். எச்சில் வழியாகப் பரவுவது. நம் நாட்டில் பெரும்பாலும் பால்பற்கள் விழுவதற்குள்ளேயே வந்துவிடும். நமக்கு ஒன்றும் ஆவதில்லை, டி அணுக்கள் அதை அடக்கிவைத்திருப்பதால். தாயிடமிருந்து எச்.ஐ.வி.யோடு பிறந்த குழந்தைக்கு ஈபிவி வந்துசேரும்போது அதை அடக்கப் போதுமான டி அணு இருப்பதில்லை. நடுவயதில் எச்.ஐ.வி. தொற்றியவருக்கும், பிறவியிலேயே வாங்கிவந்த பிள்ளைக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இது.

அந்தப் பிள்ளைகள் யார்? இன்று பதினைந்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் 2006-இன் கடைசியில்தான் வந்தது. அதற்குப் பிறகும் எல்லாருக்கும் உடனே மருந்து கிடைத்துவிடவில்லை. பெரிய பிள்ளைகள் சிடி4 எண்ணிக்கை குறைகிறவரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொற்று தெரிந்தால் எண்ணிக்கை பார்க்காமல் மருந்து என்ற விதி 2017-இல் வந்தது. ஆகவே இந்த வயதுக்காரர்களில் பலர் பிள்ளைப்பருவத்தில் சில ஆண்டுகளை மருந்தில்லாமலே கழித்திருக்கிறார்கள். அந்த ஆண்டுகளுக்கான வட்டியை உடம்பு இப்போது கட்டுகிறது.

எவ்வளவு ஆபத்து என்று கேட்பீர்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 1996 முதல் 2012 வரையிலான அமெரிக்கப் பதிவேடுகளைப் பார்த்தால், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா மற்றவர்களைவிடச் சுமார் 11 மடங்கு, ஹாட்ஜ்கின் சுமார் 8 மடங்கு. எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு இது. பதினொரு மடங்கு என்றதும் வயிறு கலங்கும். ஆனால் எதன் பதினொரு மடங்கு? ஒரு லட்சம் இளையவர்களில் ஆண்டுக்கு ஓரிருவருக்கு வருகிற நோய் இது. பல மடங்கு கூடினாலும், எச்.ஐ.வி.யோடு வாழும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது வரவே போவதில்லை. வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்றிரவு டார்ச் அடித்துக் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கூட்டு மருந்து இந்த ஆபத்தைக் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஸ்டார்ட் என்ற ஆய்வின் முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. 35 நாடுகளில், சிடி4 எண்ணிக்கை 500-க்கு மேல் இருந்த 4,685 பேர். பாதிப் பேருக்கு உடனே மருந்து, மீதிப் பேருக்கு எண்ணிக்கை இறங்கிய பிறகு. உடனே தொடங்கியவர்களில் லிம்போமா வந்தவர்கள் 3 பேர்; காத்திருந்தவர்களில் 10 பேர். சிறிய எண்கள்தான், பெரியவர்களிடம் செய்த ஆய்வுதான். ஆனாலும் நலமாகத் தெரிகிறவரின் உடம்பிலும் வைரஸ் சும்மா இருப்பதில்லை என்று அது காட்டியது. வேறு ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன: இன்றைய சிடி4 எவ்வளவு என்பதோடு, ரத்தத்தில் வைரஸ் எத்தனை மாதம், எவ்வளவு இருந்தது என்ற மொத்தக் கணக்கும் முக்கியம். ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, மூன்று மாதம் விட்டு, மறுபடி தொடங்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது.

விடுகிற வயதும் இதுதான். 2005-க்கும் 2012-க்கும் இடையில் உலகில் எய்ட்ஸ் சாவுகள் 30 சதவீதம் குறைந்தன. பத்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள் மட்டும் 50 சதவீதம் கூடின. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் சொன்னது. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். "இது சத்து மாத்திரை" என்று சொல்லி வளர்த்திருப்போம். பதிமூன்று வயதில் பையன் மாத்திரை டப்பாவில் இருக்கும் பெயரை செல்போனில் தட்டிப் பார்ப்பான். அன்றைக்கு அவனுக்கு நோயைவிடப் பெரிதாகத் தெரிவது வீட்டார் சொன்ன பொய். பள்ளி வயதிலேயே, புரிகிற அளவில் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. என் அனுபவமும் அதுதான். சொன்ன வீடுகளில் பிள்ளை தன் மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்கிறது.

ஹாட்ஜ்கின் பற்றி ஒரு வார்த்தை. இது கொஞ்சம் முரண்டு பிடிக்கும் நோய். கூட்டு மருந்து வந்த பிறகு மற்ற லிம்போமாக்கள் குறைந்த வேகத்தில் இது குறையவில்லை. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில்கூட எட்டிப்பார்க்கிறது. சிடி4 அடியோடு விழுந்திருக்கும்போது ஹாட்ஜ்கின் கட்டி வளரவே தெம்பில்லாமல் இருக்கிறது, எண்ணிக்கை கொஞ்சம் ஏறியதும் தலைதூக்குகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவருக்கு வரும் ஹாட்ஜ்கினில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஈபிவி இருக்கும். எனவே "இப்போதுதானே மருந்து ஆரம்பித்தோம், உடம்பு தேறும்போது நெறிகட்டத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வதற்கும் ஓர் எல்லை வேண்டும்.

இனி தலைப்புக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், ஒரு பையன். பதினைந்து வயது. அப்பா அம்மா இருவரும் இல்லை, பாட்டிதான் வளர்க்கிறார். கழுத்தின் இடது பக்கம், காது மடலுக்குக் கீழே கட்டி, வலி இல்லை, மாலையில் காய்ச்சல், இரவில் பனியன் நனைய வியர்வை, எடை குறைந்திருக்கிறது. ஓரிடத்தில் ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தார்கள். அறிக்கையில் "கிரானுலோமா", அதாவது அழற்சி அணுக்களின் திரள், என்று இருந்தது. எச்.ஐ.வி., காய்ச்சல், கிரானுலோமா. மூன்றும் சேர்ந்தால் நம் ஊரில் அதன் பெயர் டிபி. மாத்திரை தொடங்கிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது ஒரு கட்டி மூன்றாகியிருந்தது. பாட்டி மஞ்சள் பையிலிருந்து எல்லாச் சீட்டையும் தேதி வரிசையில் எடுத்து மேசையில் அடுக்கினார். அதைப் பார்த்தே நோயின் போக்கைப் படித்துவிடலாம்; அவ்வளவு ஒழுங்கு. "டிபி மருந்து ஒரு நாள்கூட விட்டதில்லீங்க ஐயா. ஆனா கட்டி கரையக் காணோமே" என்றார். நான் கேட்க நினைத்ததை அவரே கேட்டுவிட்டார்.

கட்டி முழுவதையும் அறுத்து எடுத்தோம். டிபி முடிச்சைக் குறுக்கே வெட்டினால் நடுவில் மஞ்சளாக, பொடிந்து உதிரும். இது வெளிர் சாம்பல் நிறத்தில், ஒரே சீராக, வழவழப்பாக இருந்தது. கண்ணால் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஆனாலும் அறையில் இருந்த யாரும் அதன்பின் டிபி என்ற சொல்லை எடுக்கவில்லை. ஐந்தாறு நாளில் அறிக்கை வந்தது. ஹாட்ஜ்கின்.

முதலில் பார்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்குக் கழுத்தில் கட்டி வந்தால் டிபியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டு நோய்க்கும் காய்ச்சல், வியர்வை, எடைக்குறைவு எல்லாம் ஒன்று. ஹாட்ஜ்கின் முடிச்சிலும் கிரானுலோமா வரும். புற்றணு அந்த முடிச்சில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் கிடக்கும். ஊசி முனையில் அது சிக்காமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. டிபி மருந்து சாப்பிடும்போதே உண்மையான டிபி கட்டியும் சில சமயம் பெரிதாகும். இத்தனை குழப்பத்துக்கு நடுவே நான் கேட்பது சின்ன விஷயம். டிபி என்று பெயர் வைக்கும் முன் கிருமியைத் தேடிப் பாருங்கள். ஊசியில் எடுத்த நீரையே, டிபி கிருமியைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பலாம். கிருமி கிடைக்காமல் ஊகத்தின் பேரில் மருந்து தொடங்கினால், இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளையை மறுபடி பாருங்கள். கட்டி வளர்ந்திருந்தால் முடிச்சை முழுதாக எடுத்துப் பாருங்கள். அதுவரை ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டு லிம்போமாவைச் சில நாள் கரைத்துக் காட்டும், வீட்டார் குணமாகிவிட்டது என்று நம்பிவிடுவார்கள், திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும் குழப்பும்.

தவறான டிபி மருந்தால் இன்னொரு தொல்லை. டிபி மருந்தான ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் டிபி மருந்தோடு இருக்கும்வரை டோலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு வேளை கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவது வேளையைப் பையன் விட்டால் எச்.ஐ.வி. மறுபடி தலைதூக்கும். இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டு, இருக்கிற நோயை வளர்த்த கதையாகும்.

பர்கிட் என்றால் காத்திருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்றிரண்டு நாளில் இரு மடங்காகக்கூடிய கட்டி அது. வயிறு வாரத்துக்குள் உப்பினாலோ, தாடை வீங்கிப் பல் ஆடினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அங்கே சேதி நல்லது. வேகமாக வளரும் புற்று கீமோவுக்கு வேகமாகக் கரையும். வசதியுள்ள நாடுகளில், எச்.ஐ.வி. இல்லாத குழந்தைகளில் பர்கிட் வந்தவர்கள் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கும் கூட்டு மருந்தை நிறுத்தாமல் முழு அளவு கீமோ கொடுத்தால் பலன் அதை நெருங்க வாய்ப்புண்டு. எச்.ஐ.வி. இருக்கிறதே என்று பயந்து கீமோவைப் பாதியாகக் குறைப்பது பழைய பழக்கம். அதை விட்டொழிக்க வேண்டும். கவனிக்க வேண்டியது மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதை. ரிட்டோனாவிர் சேர்ந்த கூட்டு மருந்தோடு வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்தைப் போட்டால் நரம்பு பாதித்துக் கால் மரத்துப்போகும். குடல் அசையாமல் நின்றுவிடும். ஜிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்து ஏற்கெனவே ரத்த அணுக்களைக் குறைக்கும். கீமோவும் சேர்ந்தால் தாங்காது. ரிட்டோனாவிர், ஜிடோவுடின் இரண்டையும் மாற்றிவிடலாம். அதற்குக் கூட்டு மருந்து கொடுக்கும் ஏஆர்டி மைய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஒருவரோடொருவர் போனில் பேச வேண்டும். பேசுவதில்லை. ஒரே வளாகத்தில் இருந்தாலும் பேசுவதில்லை. பாட்டிகள்தான் மஞ்சள் பையோடு இரண்டு கட்டடத்துக்கும் இடையில் நடக்கிறார்கள்.

பணத்துக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. படுக்கை தர மாட்டோம் என்று யாராவது சொன்னால் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இருக்கிறது, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை அது தடை செய்கிறது. இந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவும் உண்டு. பெற்றோரை இழந்த வீட்டில், பன்னிரண்டு வயது நிரம்பிய, விவரம் தெரிந்த அண்ணனோ அக்காவோ தன் தம்பி தங்கைக்குப் பாதுகாவலராகச் செயல்படலாம். சிகிச்சை தொடர்பாகவும் முடிவெடுக்கலாம். கையெழுத்துப் போடப் பெரியவர் யாருமில்லை என்று பயாப்ஸியைத் தள்ளிப்போடும் இடங்களில் இதை எடுத்துக் காட்டுங்கள்.

உரை முடிந்த பின் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "ஹாஸ்டல்ல சேர்க்கும்போது வார்டன்கிட்ட சொல்லணுமா சார்? சொன்னா சேர்த்துக்க மாட்டாங்க. சொல்லலைன்னா மாத்திரையை எப்படிச் சாப்பிடுவான்?"

சொல்ல வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது அம்மா, சட்டம் அப்படித்தான். இப்போது பெரிய பிள்ளைகள் பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. அவனுக்குத் தோதான நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். காலையில் பல் துலக்கும் நேரமென்றால் காலையில். சத்தம் கேட்கும் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு வாரத்துக்கானதைச் சின்னப் பெட்டியில் பிரித்துக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு பரிசோதனையை எப்போது எடுக்க வேண்டும் என்று ஏஆர்டி மையத்தில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவன் தங்குகிற ஊருக்குப் பக்கத்து மையத்திலேயே மருந்து வாங்கிக்கொள்ளவும் வழியுண்டு. அதற்கு இங்கேயிருந்து மாற்றுச் சீட்டு வாங்க வேண்டும். எந்த ஊர் என்று சொல்லுங்கள், கூட்டம் கலைந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.